தீவன அட்டவணையின் மூன்றாம் நாள்

கால்நடை வைத்தியப் பகுதியில் இப்போது பணியாற்றும் இளைய உத்தியோகத்தர் ஒருவர் சென்ற மாதம் எனக்கு எழுதியிருந்தார். நுவரெலியாவில் ஒரு சவாரிக் குதிரைக்குக் குளம்பு நோய் கண்டிருக்கிறது. இனிப்பை நிறுத்தியதும் அது உணவையே நிறுத்திவிட்டது. பயிற்சிக் காலத்தில் கொடுக்கப்பட்ட தட்டச்சுப் பிரதியில் என் பெயரால் வழங்கும் முறையை வரிக்கு வரி பின்பற்றியும் பயனில்லையாம். "தங்கள் குறிப்பில் ஏதேனும் விடுபட்டிருக்குமோ என்று கேட்பதற்கு மன்னிக்க வேண்டும்" என்று மரியாதையாகவே முடித்திருந்தார்.

இரண்டு நாள் அந்தக் கடிதத்தின் மேல் கோபமாக இருந்தேன். என் குறிப்புகளில் எதுவும் விடுபடுவதில்லை என்பது திணைக்களத்தில் எல்லோரும் அறிந்தது. அதன்பின் பெட்டியைத் திறந்து பழைய பிரதியை எடுத்து வாசித்தேன். விடுபட்டவை இரண்டு இருந்தன. ஒன்றை என் மானத்தைக் காப்பதற்காக விட்டிருந்தேன். மற்றதை எப்படி எழுதுவதென்று தெரியாமல் விட்டிருந்தேன். இன்று இரண்டையும் எழுதுகிறேன். யார்முன் மானம் கெடுமென்று அஞ்சினேனோ அவர்களில் பலர் இப்போது உயிரோடில்லை.

யாழ்ப்பாணத்தில் கல்லூரிப் படிப்பை முடித்தேன். இரண்டாண்டுப் பயிற்சிக்குப் பின், நாடு சுதந்திரம் பெற்ற சில ஆண்டுகளில், மலைநாட்டுக்கு உதவியாளனாக அனுப்பப்பட்டேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அங்கே கற்றதில் பாதியை முதல் மழைக்காலத்திலேயே மறக்க வேண்டியிருந்தது. கழுத்துப்பட்டி அணியாமல் நான் ஒரு மாட்டையும் தொட்டதில்லை. லயம் என்னும் வரிசை வீடுகளில் குடியிருந்த தோட்டத் தொழிலாளர் என்னை "மாட்டு டாக்டரய்யா" என்றார்கள். நான் டொக்டர் அல்லன் என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவேன். அவர்கள் ஒவ்வொரு தடவையும் "சரிங்க டாக்டரய்யா" என்பார்கள்.

உண்மையான டொக்டர் என் மேலதிகாரி அபேநாயக்க. உயரமானவர், குறைவாகப் பேசுபவர். எந்த விலங்கின் முன் நின்றாலும் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் பார்ப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் யாராவது வாய் திறந்தால் கடிகாரத்தை மறுபடி முதலிலிருந்து பார்ப்பார். "முதலில் கண், பிறகு மூக்கு, கை கடைசியில்" என்பது அவர் ஒழுங்கு. பென்சிலின் இரு முனைகளையும் சீவி வைத்திருப்பார். ஒரு முனை ஒடிந்தாலும் வேலை நிற்கக் கூடாதாம்.

நான் சேர்ந்த முதல் வாரம், ஹட்டனுக்கு அருகே ஒரு பசுவைப் பார்த்துவிட்டு, "இதற்குக் காய்ச்சல் என்று நினைக்கிறேன், சேர்" என்றேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "நினைப்பதை வீட்டில் வைத்துக்கொள். இங்கே பார்த்ததைச் சொல். பார்க்காததை எழுதாதே." முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த விதியின்படி உத்தியோகம் பார்த்தேன். ஒரு நாளைத் தவிர.

பூண்டுலோயாவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தோட்டத்தை நிர்வகித்த துரையின் பங்களாவுக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஒரு லாயம். அதில் பதினெட்டு வயதான ஒரு பெண் குதிரை. மூடுபனியும் சாம்பலும் கலந்ததுபோன்ற நிறம். துரை அதற்கு ஏதோ ஒரு சீமாட்டியின் பெயரை வைத்திருந்தார். தோட்டத்தில் எல்லோருக்கும் அது "சின்னத் தொரசாணி". நடையும் கொழுப்பும் அப்படித்தான் இருக்கும் என்று, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் சிரிப்பார்களாம்.

அன்று திங்கட்கிழமை. டொக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் முடிந்ததும் என்ன கண்டாய் என்று கேட்டார். வரிசையாகச் சொன்னேன். முன்னங்கால்களை நீட்டிப் பாரம் முழுவதையும் குதிகாலில் வைத்து நிற்கிறது. கழுத்தின் மேல் கொழுப்பு திரண்டு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. காலை மாற்றி வைக்கும்போது மூச்சைப் பிடிக்கிறது. குளம்புக்குள் அழற்சி என்பதற்கு இவை போதும்.

"அவள் எங்கே பார்க்கிறாள்?" என்று கேட்டார்.

அதை நான் கவனித்திருக்கவில்லை. குதிரை எங்களைப் பார்க்கவில்லை. லாயத்தின் இடது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே மடித்த சாக்கு ஒன்று தரையில் கிடந்தது. அதன் பக்கத்தில் ஓர் எனாமல் தட்டு. சுவரில் ஆணி, ஆணியில் கறுப்புக் கம்பளி. தோட்டத்து ஆட்கள் மழைக்குத் தலையிலிருந்து முழங்கால்வரை போர்த்திக்கொள்ளும் கம்பளி அது. ஆள் எவரும் இல்லை. ஆனால் குதிரையின் காதுகள் அந்த மூலையிலிருந்து புறப்பட்டு, சுவரோரமாக மெல்ல நகர்ந்து, கதவுவரை வந்து, அதே வேகத்தில் திரும்பி மூலைக்குப் போயின. யாரோ எழுந்து வெளியே மழையை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தால் எப்படியோ அப்படி.

"எழுது. இடது மூலையைப் பார்க்கிறது. காரணம் தெரியாது" என்றார் டொக்டர். எழுதினேன்.

குதிரைக்காரன் பெரியண்ணன் மூன்று வாரத்துக்கு முன் நெஞ்சுவலியில் இறந்துபோயிருந்தான். பதினான்கு ஆண்டுகள் இந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்டவன். இப்போது அவன் மனைவி அங்கம்மா கொழுந்தெடுக்கும் நேரம் போக மீதியில் குதிரையைப் பார்த்தாள். லாயத்தை ஒட்டியிருந்த ஒற்றை அறையில்தான் குடியிருந்தாள். குதிரை போனால் அந்த அறையும் போகும்.

தீவனத்தை விசாரித்தோம். காலையில் இளம் பசும்புல். பகல் மூன்று மணிக்கு ஒரு வாளி அவித்த கொள்ளு, அதில் இரண்டு பெரிய துண்டு கருப்பட்டி, ஓட்ஸ், நுவரெலியாக் கரட். நான்கு மணிக்குத் துரை தேநீர் குடித்துவிட்டு வந்து கையால் கொடுக்கும் சீனிக்கட்டிகள். டொக்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். மலைச்சரிவில் வளரும் மானாப்புல்லைக் காயவைத்து, வெட்டி, ஒரு பீப்பாயில் ஒரு மணிநேரம் ஊறவிட்டு, புல்லில் உள்ள இனிப்பு இறங்கிய அந்த நீரைக் கொட்டிவிட்டு, பிழிந்து கொடுக்க வேண்டும். அதன்மேல் இரண்டு பிடி அவித்த கொள்ளு, கொஞ்சம் உப்பு. வேறு எதுவும் கூடாது. காலையில் அரை மணிநேரம் ஓடையின் குளிர்ந்த நீரில் நிறுத்த வேண்டும். போகும்போது ஓர் எச்சரிக்கையும் சொன்னார். கொழுத்த குதிரையைப் பட்டினி போட முடியாது. நான்கைந்து நாள் உண்ணாவிட்டால் உடம்பின் கொழுப்பே இரத்தத்தில் இறங்கிக் கொன்றுவிடும்.

துரை நல்ல மனிதர் என்றே சொல்ல வேண்டும். சீனி கூடாதென்று நான் சொன்னபோது இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, அவளை வலியிலும் பட்டினியிலும் சாகவிட மாட்டேன் என்றார். சனிக்கிழமை நான்கு மணிக்கு வந்து பார்க்கும்போது இந்தத் தீவனத்தை உண்ணாமல் நின்றால் துப்பாக்கிதான் என்றும் சொன்னார். டொக்டரும் அதே நேரத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். என்னிடம், "இது உன் பொறுப்பு. உத்தியோகத்தில் உன்னை நிரந்தரமாக்கும் சிபாரிசு என் மேசையில் இருக்கிறது. சனிக்கிழமை அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன்" என்றார். நாள், தீவனம், உண்ட அளவு, கொடுத்தவர் பெயர் என்று நான்கு நிரல்கள் கொண்ட அட்டவணை அது. என் கையாலேயே கோடு போட்டேன்.

தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வீட்டில் தங்கினேன். அவர் என் தாயாருக்குத் தூரத்து உறவு. தம் தமக்கையின் மகளை எனக்குப் பேசிக்கொண்டிருந்தவரும் அவர்தான். ஆகவே அந்த வீட்டில் நான் எப்படி உட்கார்ந்தேன், எப்படிச் சாப்பிட்டேன் என்பதெல்லாம் கடிதமாக யாழ்ப்பாணம் போகும் என்பதை அறிந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குத் தீவனத்துடன் லாயத்துக்குப் போனபோது மூலையிலிருந்த எனாமல் தட்டில் கொள்ளும், அதன்மேல் பெரிய கருப்பட்டித் துண்டும் இருந்தன.

"ஆர் இதை இஞ்சை வைச்சது?" என்று கேட்டேன்.

அங்கம்மா தலைகுனிந்து நின்றாள். அது குதிரைக்கு வைத்ததில்லை, பெரியண்ணனுக்கு வைத்தது என்றாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தாலும் ஒரு மாதத்துக்கு இறந்தவர் இருந்த இடத்தை விட்டுப் போகமாட்டார் என்று அவர்கள் பக்கத்தில் நம்புகிறார்கள். அதனால் அவனுக்குப் பிடித்ததை அவன் உட்காரும் இடத்தில் வைக்கிறாள். வைத்தது மாலையில் இருக்காதாம்.

இருக்காதுதான். குதிரைக்கு எட்டும் தூரத்தில் வைத்தால் எப்படி இருக்கும்? நோய்க்குக் காரணமான இனிப்பு எங்கிருந்தோ இன்னும் வந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையுடன் தட்டையும் சாக்கையும் கம்பளியையும் வெளியே எடுக்கச் சொன்னேன். எனக்குத் தெரியாமல் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று யாழ்ப்பாணத் தமிழில் கண்டிப்பாகச் சொன்னேன். அவள் எடுத்துக்கொண்டு போகும்போது கம்பளியிடம் ஏதோ முணுமுணுத்தாள்.

அன்று குதிரை உண்ணவில்லை. வாளியை முகர்ந்தும் பார்க்கவில்லை. புதன்கிழமையும் அப்படியே. நான் எல்லா முறைகளையும் செய்து பார்த்தேன். உப்பைக் கூட்டினேன். கொள்ளு அவித்த சுடுநீரைப் புல்லில் தெளித்து ஆவி எழும்போது வாளியை நீட்டினேன். வாளியை மாற்றினேன், தரையில் பரப்பினேன், உதட்டில் தடவினேன். உதட்டில் தடவியதைத் துப்பிவிட்டு அந்த வெற்று மூலையைப் பார்த்தாள். அவள் விலா மேலும் கீழும் வேகமாகப் போவதைக் கண்டேன். பனி கதவு வழியாக உள்ளே வந்து லாயத்தின் பாதியை மறைத்தது. மூலையில் எதுவும் இல்லையென்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்கு முதுகு காட்டி நிற்க எனக்கு முடியவில்லை. அன்று மட்டும் மூன்று முறை திரும்பிப் பார்த்தேன் என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

அங்கம்மா கூடையுடன் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நானே அவளைக் கேட்டேன்.

"அய்யா, அது புடிக்கலன்னு திங்காம இல்லீங்க. அவரு திங்கலன்னு திங்காம இருக்கு" என்றாள்.

விளக்கமாகச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். இந்தத் தோட்டத்துக்கு வருவதற்கு முன் யாரோ தீனியில் எதையோ கலந்து கொடுத்து இந்தக் குதிரை சாகக் கிடந்திருக்கிறாள். அதன்பின் மனிதர் எவரையும் நம்பவில்லை. பெரியண்ணன் முதல் நாளே வாளியிலிருந்து ஒரு பிடி அள்ளித் தன் தட்டில் போட்டு, அந்த மூலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, அவள் கண்முன் தின்று காட்டினான். அவன் மென்று முடித்த பிறகுதான் அவள் வாளியில் வாய் வைத்தாள். பதினான்கு ஆண்டுகள் இதே வழக்கம்.

"அப்ப கருப்பட்டி?"

"குதிரைக்கு எதுக்குங்க கருப்பட்டி? அவருக்குத்தான் இனிப்பில்லாம கொள்ளு எறங்காது. அவரு நாக்குக்குப் போட்டதுங்க. அது பாவம், அவரு திங்கிறதத் திங்கும்."

ஒரு மனிதனின் நாக்குக்காக இட்ட கருப்பட்டி பதினான்கு ஆண்டுகளாக ஒரு குதிரையின் குளம்பில் இறங்கியிருக்கிறது. அவன் இறந்த பின்னும் அவனுக்கு வைத்த தட்டைப் பார்த்து, அவன் தின்கிறான் என்ற நம்பிக்கையில் குதிரை உண்டுவந்திருக்கிறாள். அந்தத் தட்டை நான் எடுத்துவிட்டேன்.

வழி தெளிவாக இருந்தது. தட்டு திரும்பி வர வேண்டும், இனிப்பில்லாமல். ஒருவர் அந்த மூலையில் உட்கார்ந்து உண்ண வேண்டும். அங்கம்மாவையே உட்காரச் சொன்னேன். ஏற்கெனவே முயன்றதாகவும், குதிரை தன்னைத் தாண்டிப் பார்த்ததாகவும், ஆம்பளைக் குரலும் கம்பளியும் வேண்டும்போலிருக்கிறது என்றும் சொன்னாள். தோட்டத்தில் வேறொரு ஆளை அழைக்கலாமே என்றேன். செத்தவன் இடத்தில், செத்தவன் கம்பளியில் உட்கார எவனும் வரமாட்டான் என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பெரிய கிளாக்கரின் வீடிருந்த பக்கம் பார்த்தேன். அங்கிருந்து லாயத்தின் கதவு தெரியாது. அதை உறுதிசெய்துகொண்ட பிறகே சம்மதித்தேன்.

"ஒன்னு இருக்குங்க" என்றாள் அங்கம்மா. "இனிப்பில்லாம அவருக்கு எப்புடிங்க வெக்கிறது? நான் வெக்க மாட்டேன். நீங்களே அவருகிட்டச் சொல்லிருங்க."

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கழுத்துப்பட்டியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தேன். கல்லூரியில் பரிசு வாங்கிய நான், வெற்று மூலை ஒன்றின் முன் நின்று, "பெரியண்ணன், இனிப்புக் கூடாது. டொக்டருடைய உத்தரவு. கோவிக்க வேண்டாம்" என்று மெல்லச் சொன்னேன். அங்கம்மா பின்னாலிருந்து, "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கய்யா, அவருக்கு ஒரு காது மந்தம்" என்றாள். மறுபடி சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு சாக்கில் அமர்ந்தேன். புகை, வெற்றிலை, குதிரை வியர்வை எல்லாம் கலந்த நெடி. தட்டில் ஒரு பிடி உப்புக் கொள்ளும் கொஞ்சம் ஊறிய புல்லும். கொள்ளை வாயில் போட்டேன். குதிரை தலையைத் திருப்பினாள். அவள் கண் என்மேல் இல்லை. எனக்கு இடப்புறம், சுவருக்கும் எனக்கும் நடுவே ஓர் ஆள் ஒடுங்கி உட்காரக்கூடிய இடைவெளி இருந்தது. அங்கேதான் பார்த்தாள்.

கொள்ளு நாக்கில் கசந்தது. அதை மெல்ல எனக்கு மனம் வரவில்லை. வாயை மூடி, அசையாமல், எப்படித் துப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது மெல்லும் ஓசை கேட்டது. வேகமில்லாத, பல் குறைந்த வாயின் ஓசை. என் இடப்புறம் முழங்கை உயரத்திலிருந்து வந்தது. குதிரையின் வாய் அசையவில்லை. அங்கம்மா கதவுக்கு வெளியே இருந்தாள். நான் திரும்பவில்லை. பார்க்காததை எழுதக்கூடாது என்பது விதியாகையால் பார்க்காமலே இருந்துவிட்டேன்.

சிறிது நேரத்தில் ஓசை நின்றது. குதிரை மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டு வாளிக்குள் தலையை இறக்கினாள். கால் வாளி உண்டாள். வெளியே வந்ததும் வாயிலிருந்ததைக் கைக்குட்டையில் துப்பினேன். தட்டில் மிஞ்சியதையும் அதிலேயே கொட்டி முடிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை அரை வாளி. அன்றும் அதே ஓசை. அன்றும் நான் மெல்லவில்லை, அன்றும் திரும்பவில்லை. மாலையில் கிளாக்கர் மாமா நாற்காலியில் சாய்ந்தபடி, "என்ன தம்பி, உம்மடை சேட்டிலை கொள்ளு மணக்குது? குதிரையோடை ஒரு கோப்பையிலையோ சாப்பாடு?" என்று கேட்டுச் சிரித்தார். தீவனத்தைப் பரிசோதிக்கையில் பட்டிருக்கும் என்றேன். "ஊரிலை கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அன்றிரவே அந்தச் சட்டையைத் துவைத்துப் போட்டேன்.

சனிக்கிழமை காலை டொக்டர் ரயிலில் அனுப்பியிருந்த மருந்துப் பொதியை எடுக்கத் தலவாக்கலைக்குப் போனேன். மூடுபனியால் ரயில் தாமதம். திரும்பும் வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. கடைசி இரண்டு மைலை ஓட்டமும் நடையுமாக ஏறினேன். பாதி வழியில் கடிகாரம் மூன்றைத் தாண்டியது. நான்கு மணிக்குத் துரை துப்பாக்கியுடன் வருவார் என்பது மட்டுமே மனத்தில் இருந்தது.

லாயத்துக்கு ஏறும் படிகளை அடைந்தபோது மூன்றரை. பனி அவ்வளவு அடர்த்தியாக இருந்ததால் கதவருகே நின்ற அங்கம்மாவை மிக நெருங்கிய பின்புதான் கண்டேன். முதுகில் கூடையுடன் எனக்கு முதுகு காட்டி, கதவுக்குள் பார்த்தபடி நின்றாள். உள்ளேயிருந்து குதிரை புல்லை அரைக்கும் ஓசை கேட்டது.

"அங்கம்மா" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அய்யா உள்ளதான இருக்கீங்க" என்றாள். குரல் மிகத் தணிந்திருந்தது. "கம்பளியப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்கன்னுல்ல நான் வெளிய நிக்கிறேன்."

நான் மதியம்வரை திரும்பாததால் அவளே வாளியையும் தட்டையும் வைத்துவிட்டு மலைக்குப் போயிருக்கிறாள். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு இப்போதுதான் இறங்கி வந்தாளாம். இருவரும் சேர்ந்து உள்ளே போனோம். மூலையில் யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை நான் என் கையாலேயே ஆணியில் மாட்டிய கம்பளி, சாக்கின் மேல் ஒருவர் தோளிலிருந்து நழுவி விழுந்ததுபோல் குவிந்து கிடந்தது. குதிரை வாளியின் அடியை நக்கிக்கொண்டிருந்தாள். தட்டு அவளுக்கு எட்டாத இடத்தில், சுவரோடு சேர்ந்து இருந்தது. வியாழக்கிழமை தட்டைத் திரும்ப வைத்தபோதே அதை அங்கேதான் வைக்க வேண்டும் என்று நானே உத்தரவிட்டிருந்தேன். தட்டில் ஒரு மணிகூட இல்லை. விரலால் வழித்த கோடுகள் மட்டும் ஈரமாக இருந்தன.

அங்கம்மா தட்டை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். "இனிப்பில்லாமயே தின்னுட்டாரு" என்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

தோட்டத்து ஆள் எவனாவது வந்து உட்கார்ந்திருக்கலாம். பின்னர் இரகசியமாக விசாரித்தேன். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு மேல் நினைப்பதை நான் வீட்டில் வைத்துக்கொண்டேன்.

நான்கு மணிக்குத் துரையும் டொக்டரும் வந்தார்கள். துரையின் கையில் துப்பாக்கி இருந்தது. காலியான வாளியைக் கண்டதும் அதைக் கதவுக்கு வெளியே சாய்த்து வைத்துவிட்டு வந்து குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். டொக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நின்றார். குதிரை நான்கு குளம்பிலும் சமமாக நின்றாள். கண் இடது மூலையில் இருந்தது. பிறகு அவர் அட்டவணையைக் கேட்டார்.

அவள் உண்ணத் தொடங்கிய வியாழக்கிழமையை முதல் நாளாக வைத்து எண்ணியிருந்தேன். அன்றைய மூன்றாம் நாள் வரிசையில் தீவனம் எழுதியிருந்தேன், முழு வாளி என்று எழுதியிருந்தேன். கொடுத்தவர் என்ற நிரல் மட்டும் வெறுமையாக இருந்தது. அவர் பென்சிலின் முனையை அந்த இடத்தில் வைத்து, "இங்கே?" என்றார்.

"நான்தான், சேர்."

"உண்டதைப் பார்த்தாயா?"

"பார்த்தேன், சேர்."

பென்சிலை என்னிடம் நீட்டினார். என் பெயரை எழுதினேன். அவர் அதை வாசித்துவிட்டு, என் சட்டையின் தோளில் ஒட்டியிருந்த மழைநீரையும் காலிலிருந்த சாலை மண்ணையும் பார்த்தார். கதவை நோக்கி நடந்தபோது நேர்வழி மூலையைத் தொட்டுக்கொண்டு போனது. சாக்கை மிதிக்காமல், தரையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைச் சுற்றிப் போவதைப்போல், ஓரமாகச் சுற்றி வெளியேறினார். அந்த மாத இறுதியில் என் உத்தியோகம் நிரந்தரமானது. அட்டவணை தட்டச்சாகிப் பயிற்சிப் பாடமானது. கிளாக்கர் மாமாவின் தமக்கை மகளை நான் மணந்தேன். அவளிடமும் இதைச் சொன்னதில்லை.

ஆகவே, கடிதம் எழுதிய உத்தியோகத்தருக்கு என் பதில் இது. முதலில், பிரதியில் "கொடுப்பவர் அதே இடத்தில், அதே நேரத்தில் அமர்ந்திருத்தல் வேண்டும்" என்று இருக்கும். அதன்பின் "விலங்கின் முன் அவர் அதே தீவனத்தை உண்ணுதல் வேண்டும்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இப்போது சொல்கிறேன். அதற்கும் முன்னால், உங்கள் குதிரையை இதற்குமுன் யார் பார்த்துக்கொண்டார், எப்படி உண்பார், எங்கே உட்காருவார் என்று விசாரியுங்கள். அவர் இப்போது உயிரோடு இருக்கிறாரா என்றும் கேளுங்கள். இரண்டாவதாக, மூன்றாம் நாள் வரிசையில் உள்ள என் பெயரை அடித்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை. வேறு பெயர் எழுத எனக்கு உரிமையில்லை. "காரணம் தெரியாது" என்று திங்கட்கிழமை டொக்டர் என்னை எழுதவைத்தார். அந்த இடத்திலும் அதையே எழுதியிருக்க வேண்டும்.

சின்னத் தொரசாணி அதன்பின் ஆறு ஆண்டுகள் இருந்தாள். மாற்றலாகிப் போவதற்கு முன் ஒருநாள் அந்த வழியாகப் போனபோது லாயத்தில் எட்டிப் பார்த்தேன். ஒரு மாதக் கணக்கெல்லாம் எப்போதோ முடிந்திருந்தது. மூலையில் தட்டு இருந்தது. அங்கம்மா அதில் உப்புக் கொள்ளை வைத்துக்கொண்டிருந்தாள். கருப்பட்டி இல்லை. இன்னுமா என்று கேட்டேன்.

"முதல்ல ரெண்டு மாசம் மொனகிக்கிட்டுத்தான் தின்னாரு" என்றாள், கையைத் துடைத்துக்கொண்டே. "இப்ப அவருக்கும் பழகிப்போச்சுங்க."